வீட்டை விட்டு வந்த பின்னும் விடாத பயம்: சிறுவயது மனக்காயம் பற்றி ஓர் எளிய விளக்கம்

பெங்களூருக்கு வேலைக்கு வந்து தங்கியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நடுவே இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் ‘சைல்ட்ஹுட் ட்ராமா’. மாரத்தஹள்ளி பி.ஜி. மொட்டைமாடியிலும் கேட்கலாம், எலக்ட்ரானிக் சிட்டி டீக்கடை வாசலிலும் கேட்கலாம். பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தது ட்ராமா, மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டியதும் ட்ராமா. இதே பிள்ளைகள் ஊருக்குப் போன் போட்டு, “சின்ன வயசுல நடந்தது இன்னும் என்னைப் படுத்துதும்மா” என்று சொன்னால் வரும் பதில் நேர் எதிராக இருக்கும்: “நாங்க வாங்காத அடியா? நாங்க என்ன கெட்டா போயிட்டோம்?”

இரண்டு பேச்சிலும் தவறு இருக்கிறது. ஒன்று எல்லா வலியையும் ஒரே கணக்கில் சேர்க்கிறது. மற்றது அப்படியொரு காயமே கிடையாது என்கிறது. இதற்கு நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள், உண்மையிலேயே காயப்பட்டு வளர்ந்து, இருபத்திரண்டு இருபத்தைந்து வயதில் ஏன் தூக்கம் வரவில்லை, ஏன் யாரையும் நம்ப முடியவில்லை என்று புரியாமல் தவிக்கும் பிள்ளைகள். அவர்களுக்காகவும் அவர்களோடு ஒரே வீட்டில், ஒரே டீமில் இருக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எதை மனக்காயம் என்கிறோம்?

குழந்தையால் தாங்க முடியாத பயம் அல்லது வலி. அதிலிருந்து தப்பிக்க வழியில்லாத நிலை. நடந்த பிறகு அணைத்துக்கொள்ள ஆளில்லாத தனிமை. இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் மனக்காயம் உண்டாகும் வாய்ப்பு மிக அதிகம்.

மூன்றாவதை நாம் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. தெருநாய் துரத்தி விழுந்த குழந்தையை அம்மா தூக்கி மடியில் வைத்து, “போயிடுச்சு, இனி ஒண்ணும் இல்ல” என்று முதுகைத் தடவினால் அந்தப் பயம் பெரும்பாலும் சில நாளில் கரைந்துவிடும். பயமுறுத்தியவரே வீட்டுப் பெரியவர் என்றால் அந்தக் குழந்தை யார் மடிக்கு ஓடும்? பயம் வந்ததும் வளர்ப்பவரிடம் ஓடி ஒட்டிக்கொள்ளும் இந்த இயல்பான பிணைப்பைப் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி விரிவாக ஆராய்ந்தார். உளவியலில் இதற்குப் பற்றுப்பிணைப்பு என்று பெயர். யாரிடமிருந்து தப்பி ஓட வேண்டுமோ அவரும், யாரிடம் அடைக்கலம் தேட வேண்டுமோ அவரும் ஒருவரே ஆகிப் போகும்போது குழந்தைக்குக் கிடைப்பது தீராத குழப்பம். வெளியாள் செய்த கொடுமையைவிட வீட்டுக்குள் நடந்தது பல சமயம் ஆழமாக இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

அடி உதை, பாலியல் சீண்டல், ஓயாத அவமானப் பேச்சு, அம்மா அடி வாங்குவதை அறை மூலையிலிருந்து பார்ப்பது, குடித்துவிட்டு வரும் அப்பாவின் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருப்பது என்று இதற்குப் பல முகங்கள். புறக்கணிப்பும் இதில் சேரும். அதுதான் கண்டுபிடிக்கவே கடினமானது. நடந்த ஒன்றை நினைவில் வைத்திருக்கலாம். நடக்காமலே போன ஒன்றை, யாரும் ‘சாப்பிட்டியா, ஏன் அழுற’ என்று கேட்காத வருடங்களை, எந்தச் சம்பவமாகச் சொல்வது? அதனால்தான் பலர், “எனக்குப் பெருசா ஒண்ணும் நடக்கலையே, அப்புறம் ஏன் இப்படி இருக்கேன்” என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள்.

இது எங்கோ சிலருக்கு நடப்பது என்று நினைக்க வேண்டாம். ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில், மூன்றில் இரண்டு பேர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். ‘அடியாத மாடு படியாது’ என்று பழமொழி சொல்லி, “கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க சார்” என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த ஊர் நம்முடையது. அடி வாங்கிய எல்லாருக்கும் மனக்காயம் வந்துவிடவில்லை, உண்மைதான். ஆனால் அடி சாதாரணம் என்று ஊரே நம்பியதால், காயப்பட்டவர்கள் அதை வெளியே சொல்ல இடமில்லாமல் போனது. மூன்றாவதாகச் சொன்ன அந்தத் தனிமையை நாமே சேர்ந்து உருவாக்கியிருக்கிறோம்.

சரி, இதுவரை சொன்னதன் சாரம்: மனக்காயம் என்பது சம்பவத்தின் அளவை மட்டும் வைத்து முடிவாவதில்லை. குழந்தையின் வயது, அந்தக் குழந்தையால் தப்பிக்க முடிந்ததா, பிறகு யார் துணை இருந்தார் என்பதெல்லாம் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. மேனேஜர் திட்டியது வலிதான். அந்த வலியை இதோடு சேர்க்க வேண்டியதில்லை.

தாய்மொழி போல ஒட்டிக்கொள்ளும் பாடம்

பெங்களூரில் ஸ்ரீராம்புரத்திலோ அல்சூரிலோ பிறந்து வளர்ந்த தமிழ்க் குழந்தையைப் பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுக்கவில்லை. சுற்றி எது பேசப்பட்டதோ அதைக் குழந்தையின் மூளை உறிஞ்சிக்கொண்டது. இருபத்தைந்து வயதில் திருச்சியிலிருந்து வருகிறவர் அதே கன்னடத்தைப் பாடுபட்டுத்தான் கற்க வேண்டும். கற்றுவிடுவார், ஆட்டோக்காரரிடம் சரளமாகவே பேசுவார். ஆனால் கால் விரல் வாசற்படியில் இடித்துக்கொண்டால் வாயில் வருவது ‘அய்யோ அம்மா’தான்.

ஆபத்து நிறைந்த வீட்டில் வளரும் குழந்தையும் ஒரு மொழியைக் கற்கிறது. கதவு சாத்தப்படும் வேகம், தட்டு வைக்கப்படும் ஓசை, பெரியவர் முகத்தில் ஒரு நொடி மாறும் களை என்று எல்லாவற்றையும் வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. ‘இப்போது வாய் திறக்காதே’, ‘நல்ல பிள்ளையாக இருந்தால் இன்று அடி விழாது’, ‘யாரையும் நம்பாதே’ என்பவை அந்த மொழியின் வாக்கியங்கள். அந்த வீட்டில் அது சரியான பாடம். அந்தப் பாடம்தான் குழந்தையைக் காப்பாற்றியது.

சிக்கல் பிறகு வருகிறது. வீடு மாறிவிட்டது, ஊரும் மாறிவிட்டது. மொழி மட்டும் மாறவில்லை. பாதுகாப்பான அறையில் உட்கார்ந்திருந்தாலும் உடல் பழைய மொழியிலேயே கேட்கிறது, பழைய மொழியிலேயே பதில் சொல்கிறது. பதற்றமான நேரத்தில் அது இன்னும் வேகமாக முந்திக்கொண்டு வருகிறது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் உள்ளே, காதுகளுக்கு உட்புறமாக, பாதாம் பருப்பு வடிவில் இரண்டு சிறு பகுதிகள் உண்டு. பெயர் அமிக்டலா. ஆபத்தைக் கவனிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அது எச்சரிக்கை கொடுத்ததும் அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கிறது. சற்றுப் பிறகு சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பிகளிலிருந்து கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் வெளியாகிறது. எதிர்த்து நில், ஓடு, இரண்டும் முடியாவிட்டால் அசையாமல் உறைந்து போ என்பதற்கு உடல் தயாராகிறது. ஆபத்து போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள் படபடப்பு இப்படித்தான் வந்து போகிறது, அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

தினமும் ஆபத்து இருக்கும் வீட்டில் அந்தத் திரும்புதல் நடப்பதில்லை. வளரும் மூளை, ‘உலகம் இப்படித்தான்’ என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களை ஆராய்ந்தவர்கள், கோபமான முகத்தைப் பார்த்தால் அவர்களின் அமிக்டலா சராசரியாக அதிகம் தூண்டப்படுவதைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். கார்டிசாலின் போக்கும் மாறுகிறது. சிலருக்கு அது அதிகமாகிறது, சிலருக்கு மந்தமாகிறது. காயப்பட்ட ஒருவர் எப்போதும் பதற்றமாகவும், இன்னொருவர் எதிலும் உணர்ச்சியே இல்லாதவர் போலவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னும் இரண்டு பகுதிகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஹிப்போகேம்பஸ் என்பது ஒரு நினைவை ‘எங்கே, எப்போது’ என்ற விவரத்தோடு பதிய வைக்க உதவும் பகுதி. கடும் பயத்தில் இந்தப் பதிவு சரியாக நடப்பதில்லை. வாசனையும் சத்தமும் வயிற்றுப் பிசைவும் அழுத்தமாகப் பதிகின்றன, ‘அது 2009ல், பழைய வீட்டில்’ என்ற விவரம் பலவீனமாக ஒட்டுகிறது. ஆகவே மதுவின் வாசனை மூக்கில் பட்டதும் உடலுக்கு அது பழைய கதையாகத் தெரிவதில்லை, இப்போது நடப்பதாகத் தெரிகிறது. அடுத்தது, நெற்றிக்குப் பின்னாலிருக்கும் ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ். ‘பொறு, இது மேனேஜர், அப்பா இல்லை’ என்று நிதானம் சொல்லும் பகுதி அது. அது முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது.

சுருக்கமாக: எச்சரிக்கைப் பகுதி எளிதில் கிளம்புகிறது, காலம் சொல்லும் பகுதி தடுமாறுகிறது, நிதானப்படுத்தும் பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ‘மன உறுதி இல்லை’ என்று திட்டுவதற்கு இதில் இடமே இல்லை.

ஏன் இருபதுகளில் கிளம்புகிறது?

“அந்த வீட்டில் இருந்தபோது நன்றாகப் படித்தான், வெளியே வந்து நிம்மதியாக இருக்க வேண்டிய நேரத்தில்தான் உடைந்து போனான்” என்று பெற்றோர் குழம்புவதைக் கேட்டிருக்கிறேன். ஆபத்துக்குள் இருக்கும்வரை உடைந்து போக இடமில்லை. தாங்கிக்கொண்டு நாளை ஓட்டுவதே வேலை. வெளியே வந்து முதல் முறையாகத் தனி அறை, தனிச் சம்பளம், அமைதியான ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும்போது, உள்ளே அமுக்கி வைத்தது மேலே வருகிறது. முதல் காதல், முதல் மேலதிகாரி, முதல் வீட்டுத் தோழர்கள் என நெருக்கமான உறவுகளும் இதே வயதில்தான் ஒன்றாக வந்து சேர்கின்றன. பழைய மொழி பிறந்ததே நெருக்கமான உறவுக்குள் என்பதால், புதிய நெருக்கம் அதைத் தட்டி எழுப்புகிறது. பொதுவாகவும், வாழ்நாளில் வரக்கூடிய மனநலப் பாதிப்புகளில் சுமார் முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்று 2005ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது.

அன்றாடத்தில் எப்படித் தெரியும்?

“அண்ணா, டீம் லீட் சாட்ல ‘கால் பண்ணலாமா’னு போட்டாலே எனக்கு வயிறு கலக்குது” என்று ஒரு தம்பி சொல்வான். வேலையில் கெட்டிக்காரன். யாரும் அவனை வேலையை விட்டு எடுக்கப் போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அடங்காததுதான் இதன் அடையாளம். அறிவுக்கு முன்னால் உடல் ஓடிவிடுகிறது.

எல்லாருக்கும் ‘சரி’ சொல்வது இன்னொரு வடிவம். ரூம்மேட் வாடகைப் பங்கைத் தராவிட்டாலும் கேட்க மாட்டார், மூன்று பேர் வேலையைத் தானே இழுத்துப் போட்டுச் செய்வார். ஊர் அவரைத் தங்கமான பிள்ளை என்று மெச்சும். பிறர் கோபப்படாமல் பார்த்துக்கொள்வது ஒரு காலத்தில் அவருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது யாருக்கும் தெரியாது. நான் மிகவும் கவலைப்படுவது இவர்களைப் பற்றித்தான், ஏனென்றால் இவர்களுடைய நோவுக்குப் பாராட்டு கிடைக்கிறது. யாரும் உதவிக்கு வருவதில்லை.

உறவுகளில் இரண்டு எதிர்த் துருவங்கள். வாட்ஸ்அப் பதில் அரை மணி நேரம் தாமதமானால் ‘என்னை விட்டுவிட்டார்கள்’ என்று உடைந்து போவது ஒன்று. யாராவது உண்மையான அன்பு காட்டினால் சந்தேகப்பட்டு விலகி ஓடுவது மற்றொன்று. சிலரிடம் இரண்டும் மாறி மாறி வரும். எல்லாவற்றுக்கும் அடியில் வெட்கம் இருக்கும். வளர்ப்பவரைக் கெட்டவர் என்று நினைத்தால் குழந்தையால் வாழ முடியாது, அதனால் ‘நான்தான் கெட்டவன், அதான் அடிக்கிறார்கள்’ என்று முடிவு செய்துகொள்கிறது. அந்தத் தீர்ப்பு வளர்ந்த பிறகும் தானாக மாறுவதில்லை.

உடலும் பேசும். பரிசோதனையில் ஒன்றும் தென்படாத வயிற்று வலி, தலைவலி, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, வார இறுதியில் அளவு மீறும் குடி. இவை நீண்டகாலமாகத் தொடர்ந்து வாழ்க்கையைக் குலைக்கும்போது மருத்துவர்கள் மனச்சோர்வு, பதற்ற நோய், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் போன்ற பெயர்களால் கண்டறிகிறார்கள். நீண்டகாலக் கொடுமையால் தன்மதிப்பும் உறவுகளும் சேர்ந்து பாதிக்கப்படும் வடிவத்துக்கு, உலக சுகாதார நிறுவனம் தன் 11ஆவது நோய்ப் பட்டியலில் தனி இடமே தந்திருக்கிறது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த அறிகுறிகள் வேறு காரணங்களாலும் வரும். தைராய்டு பிரச்சினையாலும் படபடப்பு வரும், நைட் ஷிஃப்டாலும் தூக்கம் கெடும். அறிகுறியைப் பார்த்துவிட்டு, ‘அப்படியென்றால் சின்ன வயதில் ஏதோ நடந்திருக்க வேண்டும்’ என்று பின்னோக்கித் தேடுவது சரியான வழி இல்லை.

மதிப்பெண் போடும் விளையாட்டு வேண்டாம்

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் ஆய்வு அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்தது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 1998ல் அதன் முதல்கட்ட முடிவை வெளியிட்டார்கள். இரண்டு கட்டமாக, மொத்தம் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறுவயதுக் கசப்பான அனுபவங்களைக் கேட்டார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகை அனுபவம் உள்ளவர்களுக்கு, எதுவுமே இல்லாதவர்களைவிடக் குடிக்கு அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது.

அதிலிருந்து பிறந்த பத்துக் கேள்விப் பட்டியல் இப்போது செல்போனில் சுற்றுகிறது. ‘எனக்கு ஆறு, என் வாழ்க்கை முடிஞ்சது’ என்று நள்ளிரவில் கூட்டிப் பார்த்து உடைந்து போகிறார்கள். அந்த எண் பெரிய மக்கள்தொகையைப் பற்றிப் பேசுவது. ஒரு தனி மனிதரின் எதிர்காலத்தைச் சொல்ல அது உதவாது. அதைத் தனி ஆளைக் கணிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ராபர்ட் ஆண்டாவே 2020ல் எழுதினார். எத்தனை முறை நடந்தது, எவ்வளவு கொடுமையாக, எந்த வயதில், யார் உடன் இருந்தார்கள் என்ற எதையும் அந்தப் பட்டியல் கேட்பதில்லை.

உடன் இருந்தவர் என்ற அந்த ஒன்று எவ்வளவு பெரியது என்பதை ஹவாயின் காவாய் தீவு ஆய்வு காட்டியது. எம்மி வெர்னர் குழுவினர் 1955ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் எனக் கடும் நெருக்கடியில் வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் நல்ல, அன்பான பெரியவராக வளர்ந்தார். அவர்களிடம் காணப்பட்ட பொதுவான ஓர் அம்சம், நம்பக்கூடிய ஒரு பெரியவராவது வாழ்க்கையில் இருந்தார் என்பது. பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியோ அத்தையோ ஒரு டீச்சரோ போதும்.

மாறுவது எப்படி?

புதிய மொழி கற்றால் தாய்மொழி அழிந்துவிடாது. மனக்காயத்துக்கான சிகிச்சையும் அப்படித்தான். பழைய பயத்தை மூளை அழிப்பதில்லை. அதன் பக்கத்திலேயே, ‘இப்போது பாதுகாப்பு’ என்ற புதிய பாடத்தைக் கற்று, அதை அதிகம் பயன்படுத்தப் பழகுகிறது. பல மாதம் நன்றாக இருந்தவருக்கு ஒரு மோசமான வாரத்தில் பழைய நடுக்கம் திரும்பினால், சிகிச்சை தோற்றது என்று அர்த்தமில்லை.

மனக்காயத்தை மையமாக வைத்து, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இ.எம்.டி.ஆர். என்ற, கண் அசைவைப் பயன்படுத்தும் சிகிச்சை ஆகியவை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தவை. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மருந்தும் தருவார். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நல்ல சிகிச்சையாளர் முதலில் தூக்கத்தையும் படபடப்பையும் கட்டுப்படுத்தவே கற்றுத் தருவார்.

பலரைத் தடுப்பது, ‘இது அப்பா அம்மாவைக் குறை சொல்வதாகாதா?’ என்ற கேள்வி. அவர்கள் பட்ட கஷ்டம் பிள்ளைக்குத் தெரியும். கடன் வாங்கி இன்ஜினியரிங் படிக்க வைத்த அதே கைதான் பெல்ட்டையும் எடுத்தது. இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை. சிகிச்சைக்குப் பெற்றோர் மீது வழக்கு போடவும் வேண்டாம், அவர்களை மன்னித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ‘பெத்தவங்களை மன்னிச்சிடு, எல்லாம் சரியாயிடும்’ என்று நல்ல மனதோடு சொல்கிற உறவினர்களிடம் என் வேண்டுகோள்: அந்த அவசரம் வேண்டாம். மன்னிப்பு வந்தால் அதன் நேரத்தில் வரட்டும்.

பெங்களூரில் எங்கே போவது?

ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் ஒன்றிய அரசின் மனநல நிறுவனம், புறநோயாளியாக நேரில் போகலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போவது நல்லது. பி.டி.எம். லேஅவுட்டில் அதன் நல்வாழ்வு மையம் இருக்கிறது, மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறவர்களுக்கு அது எளிது. போனில் பேச வேண்டுமென்றால் டெலி மானஸ், எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவசச் சேவை 24 மணி நேரமும் தமிழ் உட்படப் பல மொழிகளில் உண்டு. தற்கொலை எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்காமல் உடனே அந்த எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலிருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தை இப்போது ஆபத்தில் இருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

தனியாரிடம் போகிறவர்கள், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். தமிழ் தெரிந்தவரா என்றும் தயங்காமல் கேளுங்கள். இந்த ஊரில் கிடைப்பார்கள். முதல் சந்திப்பில் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், “தூக்கம் வரல, சின்ன விஷயத்துக்கும் உடம்பு நடுங்குது, சின்ன வயசுல வீடு சரியா இல்ல” என்ற மூன்று வரி போதும், மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள். இரண்டு மூன்று முறை போயும் அவரிடம் பேசவே பயமாக இருந்தால் அவரிடமே அதைச் சொல்லலாம், ஆளை மாற்றவும் செய்யலாம்.